கியர்பாக்ஸைத் திறக்க மாட்டேன் என்ற மெக்கானிக்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் ஒரு தகர ஷெட், அவ்வளவுதான். உட்கார நாற்காலி இல்லை. எந்தக் காலத்திலோ கழற்றிய அம்பாசிடர் பின்சீட்டைச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள், அதில் ஸ்பிரிங் குத்தாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். போன் செய்தால் மெக்கானிக் எடுக்க மாட்டார். நான்கு நாளில் தருகிறேன் என்ற வண்டியைப் பதினோராவது நாள்தான் தந்தார். ரசீது கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் பள்ளிக்கூட நோட்டுத் தாளில். குறைகளை முதலிலேயே சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அது கடைசியில் வரும்.

பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "ஏற்கெனவே ஆறு வண்டி வெயில்ல நிக்குது மா, இன்னும் ஆறு வந்தா நான் எங்க போவேன்" என்றார். அதனால் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் பாய் என்றே எழுதுகிறேன்.

என் வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, 1969 மாடல், நான்கு கதவு. அப்பா வாங்கியது. இதே ஊரில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்த வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உடல். அங்கே கடைசிவரை இரண்டு கதவுதான். நான்கு கதவு நம் ஊர்க்காரர்கள் செய்துகொண்டது, ஏனென்றால் பாட்டியைப் பின்சீட்டில் ஏற்ற முன்சீட்டை மடக்குவது என்பதெல்லாம் நம் வீடுகளில் நடக்காத காரியம். இன்ஜின் 948 சி.சி. கியர் நான்கு, அதில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கிற வளையம், கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும் என்று அப்பா என் பத்தொன்பது வயதில் சொல்லிக்கொடுத்தார். இப்போது எனக்கு ஐம்பத்தாறு. பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலைவரை போய்வருவதுதான் வண்டிக்கு இப்போது வேலை.

இரண்டு வருடம் முன்பு ஓர் இடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் கடிக்கும். மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் பின்னாலிருந்து 'டங்'. 55 கி.மீ. வேகத்தில் தரை முழுக்க ஓர் அதிர்வு, மிக்சி ஓடும் மேடைமேல் கை வைத்ததுபோல. இரண்டாவது, மூன்றாவது கியரில் ஓர் இரைச்சல். இவை எல்லாவற்றையும் ஒரு கட்டுரை நோட்டில் தேதி, வேகம், கியர், இன்ஜின் சூடா இல்லையா, ஏற்றமா இறக்கமா என்று கட்டம் போட்டு எழுதிவைத்தேன். தொழில் பழக்கம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஏறி இறங்கிய இடங்கள் மூன்று. முதல் இடத்தில் நான் பேசப் பேச, என்னோடு வந்த என் கணவரைப் பார்த்து பதில் சொன்னார்கள். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. இரண்டாவது இடத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும், 48,000 ஆகும்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கச் சொன்னார்கள்.

பாய் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த விமரிசனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஹெரால்டில் முன்பக்கம் மொத்தமும், மட்காடோடு சேர்த்து, முன்னோக்கிச் சாயும். எந்த மெக்கானிக்குக்கும் அதைத் திறந்து பார்க்கக் கை அரிக்கும். இவர் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பக்கம் படித்தார். பிறகு, "நீங்க ஓட்டுங்க மா, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றார். மற்ற மூவரும் சாவியைத்தான் கேட்டிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்பு, நின்ற இடத்திலேயே இரண்டு சோதனை. முதலாவது: நியூட்ரலில் இன்ஜின் ஓட, கிளட்சிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். கரகரவென்று லேசான சத்தம். கிளட்ச்சை முழுக்க அமுக்கச் சொன்னார். சத்தம் நின்றது. பாதி அமுக்கியபோது மெல்லிய கீச்சு ஒன்று கேட்டது. "முதல் சத்தம் பெட்டிக்குள்ள, இந்தக் கீச்சு ரிலீஸ் பேரிங்" என்றார். யோசித்துப் பார்த்தால் எளிமையான தர்க்கம். கிளட்ச்சை அமுக்கினால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்து, உள்ளே சுற்றுவது எல்லாம் நின்றுவிடும். அப்போது நிற்கிற சத்தம் கியர்பாக்ஸுடையது. அமுக்கும்போது பிறக்கிற சத்தம், கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்குடையது. இருபது வருடமாக இந்த வண்டியைத் தனியாக ஓட்டுகிறேன், இப்படிப் பிரித்துக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாவது: கிளட்ச்சை அமுக்கிக்கொண்டு மனசுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். கர்ர். அடுத்து, கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து எடுத்து, மூன்றாவது மிதியில் ரிவர்ஸ் போடச் சொன்னார். வெண்ணெய்போல விழுந்தது. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லை. ஐந்து விநாடி காத்திருந்தும் பல் கடித்தால், அமுக்கியும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இரண்டு மிதி மிதித்தால் சரியாகிறது என்றால் குற்றம் பிளேட்டிலோ கியரிலோ இல்லை, பெடலின் அழுத்தத்தைக் கொண்டுபோகிற எண்ணெயில். காற்று புகுந்திருக்கும், அல்லது அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கும். 48,000 ரூபாய் கியர்பாக்ஸ் கணக்கில் முதல் ஓட்டை இங்கே விழுந்தது.

வண்டியை எடுத்தேன். ஐம்பது மீட்டர் போவதற்குள் அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "மா, இடது கால் கிளட்ச் மேலயே இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தேழு வருடமாக ஓட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா? ஆனால் கீழே பார்த்தால் கால் அங்கேதான் இருந்தது. பெடல்மேல் காலை ஓய்வாக வைத்தாலே ரிலீஸ் பேரிங் தொட்டபடி சுற்றிக்கொண்டே இருக்குமாம், கீச்சுக்குக் காரணம் அதுதானாம். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அன்று முழுக்க எனக்கு முகம் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் பக்கம் போனோம். வண்டி பிறந்த ஊரை அதற்குக் காட்டியதாகவும் ஆயிற்று. வழியில் ஒவ்வொரு கியரிலும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைச்சல். நான்கில் இல்லை. "லே ஷாஃப்ட்" என்றார், கியர்பாக்ஸுக்குள் இருக்கிற துணைத் தண்டு. நான்காவது கியரில் இன்ஜினின் சுற்று நேராகப் பின்னால் போய்விடும், லே ஷாஃப்ட் சுமை இல்லாமல் சும்மா சுற்றும். மற்ற மூன்றிலும் சுமை முழுக்க அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற ஊசி பேரிங் தேய்ந்தால் மூன்று கியரில் சத்தம் வரும், நான்கில் வராது. கியர்பாக்ஸுக்குள் உண்மையிலேயே இருந்த ஒரே குறை இது. அதுபற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் 55-க்கு வந்தோம். அதிர்வு ஆரம்பித்தது. நான்காவது கியரில் இருந்ததை மூன்றுக்கு மாற்றி அதே வேகத்தில் ஓட்டச் சொன்னார். இன்ஜின் கத்தியது, அதிர்வு மாறவில்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடச் சொன்னார். இன்ஜின் அடங்கியது, அதிர்வு அப்படியே இருந்தது. இன்ஜினின் சுற்று கூடினாலும் குறைந்தாலும் மாறாமல், வண்டியின் வேகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அதிர்வு இன்ஜினிலிருந்தோ கிளட்சிலிருந்தோ வர முடியாது. மிச்சம் இருப்பது கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் சுற்றைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல், பின் ஆக்சில், சக்கரங்கள்.

இந்த இடத்தில் கணக்கு டீச்சருக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. வீட்டில் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துவைத்திருந்தேன்: ஏறக்குறைய 1.8 மீட்டர். 55 கி.மீ. என்றால் நொடிக்கு 15.3 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு எட்டரை முறை சுற்றும். இந்த வண்டியின் டிஃபரென்ஷியல் விகிதம் 4.875, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து முறை சுற்ற வேண்டும். நொடிக்கு 41. எட்டரை என்றால் உடம்பு குலுங்குவதை உணரலாம், முயன்றால் எண்ணக்கூடச் செய்யலாம். 41 என்றால் வெறும் ரீங்காரம். எனக்கு வந்தது ரீங்காரம். நான் இதைச் சொல்லி முடித்ததும் பாய் சிரித்தார். "நாங்க இதை உள்ளங்கால்ல தெரிஞ்சுக்குவோம். நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க. வீல் பேலன்ஸ் பண்ணச் சொல்லியிருப்பாங்களே?" என்றார். சொன்னார்கள். இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் பணம் போனது, அதிர்வு போகவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் வண்டியை ஜாக்கியில் தூக்காமல் பள்ளத்தின் மேல் நிறுத்தினார். ஹெரால்டுக்கு இது முக்கியம். இதன் பின் ஆக்சில் அம்பாசிடர்போல ஒரே உருட்டுக் குழாய் இல்லை. டிஃபரென்ஷியல் சேசிஸில் நிலையாக இருக்கும், அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு அரை ஷாஃப்ட், ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு ஜாயின்ட் கிராஸ், அதாவது கோணம் மாறினாலும் சுற்றைக் கடத்துகிற சிலுவை மூட்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட்டோடு சேர்ந்து சாயும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின்சக்கரம் இரண்டின் அடிப்பக்கமும் உள்ளே மடங்கும். அந்தக் கோணத்தில் கிராஸை ஆட்டிப் பார்த்தால், ஓடும்போது இல்லாத இறுக்கமோ தளர்ச்சியோ காட்டி ஏமாற்றிவிடும். பள்ளத்தில் நின்றால் சக்கரம் தரையில் ஊன்றி, ஓடும்போது இருக்கிற கோணத்திலேயே இருக்கும்.

டார்ச்சைக் கொடுத்து என்னையும் பள்ளத்தில் இறங்கச் சொன்னார். சேலையோடு இறங்கினேன். இடது அரை ஷாஃப்ட்டின் கிராஸைச் சுற்றி, மூடிகளின் விளிம்பில், செங்கல் பொடிபோலச் சிவப்பாகத் துருத்தூள் படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் செத்து, ஊசி பேரிங் உலர்ந்து அரைபட்டால் இந்தத் தூள் வெளியே கசியுமாம். அந்தக் கிராஸின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு இழுத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினார். கோடு உடைந்து இரண்டு துண்டாக ஆடியது. வலது பக்கம் அதே கோடு உடையவில்லை. 'டங்' கிடைத்துவிட்டது. பாதிதான், மீதி டிஃபரென்ஷியலைச் சேசிஸோடு பிடித்திருக்கிற ரப்பர் புஷ்ஷில். அது எண்ணெய் குடித்து ஊறிப்போய், கம்பியால் நெம்பினால் டிஃபரென்ஷியல் மொத்தமும் தலையாட்டியது.

அதிர்வுக்குக் காரணம் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையில் இருந்தது. கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் (முனையில் இருக்கிற வட்டத் தட்டுகள்) நான்கு போல்ட்டில் சேரும் இடம். துணியால் துடைத்தார். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சென்டர் பஞ்ச் புள்ளி. ஷாஃப்ட் பக்கமும் ஒரு புள்ளி, ஆனால் கால் சுற்று தள்ளி. முன்பு யாரோ ஒரு நல்ல கை, கழற்றுவதற்கு முன்பு இரண்டு பக்கமும் நேருக்கு நேர் அடித்துவைத்த அடையாளம். கிளட்ச் பிளேட் மாற்றியவர்கள் அதைப் பார்க்காமல், விழுந்த ஓட்டையில் போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டார்கள். எத்தனையோ வருடம் ஒரே நிலையில் ஒன்றோடு ஒன்று படிந்து ஓடிய ஃபிளாஞ்சுகள், கால் சுற்று மாறியதும் மையம் தவறிச் சுற்ற ஆரம்பித்திருக்கின்றன. நான்கு போல்ட்டைக் கழற்றி, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, மறுபடி முறுக்கினார். இருபது நிமிட வேலை, உதிரிபாகம் எதுவும் இல்லை. அடுத்த ஓட்டத்தில் 55-இல் அதிர்வு இல்லை. 70-க்குப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் என் வண்டி 70 போவது ஆண்டுக்கு ஒரு முறைதான்.

அந்தப் புள்ளிகளை அடித்தது யார் என்று எனக்குத் தெரியும். அப்பா காலத்தில் வண்டி ஒரே மெக்கானிக்கிடம்தான் போகும், தாம்பரத்தில். அவர் இப்போது இல்லை.

கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கியதும் பாய் முகம் சுளித்தார். கிளட்ச் போட்ட இடத்தில் 140 நம்பர் ஊற்றியிருக்கிறார்கள். கெட்டியான ஆயில் சத்தத்தை அமுக்கிக் காட்டும், அதனால் பழைய வண்டிக்கு அதை ஊற்றி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். ஆனால் காலையில் குளிர்ந்திருக்கும்போது சிங்க்ரோ வளையம் அந்தக் கூழைக் கிழித்துக்கொண்டு கியரின் கூம்பைப் பிடிக்க முடியாது, இரண்டாவது கியர் விழ மறுக்கும். என் நோட்டில் 'காலை, குளிர்ச்சி, 2-ஆம் கியர் இறுக்கம்' என்று பதினோரு இடத்தில் இருந்தது. பாய் ஊற்றியது 90 நம்பர், ஜிஎல்-4. ஜிஎல்-5 எழுதிய டப்பாவைக் காட்டி, "இது டிஃபரென்ஷியலுக்கு. பெட்டிக்குள்ள ஊத்தினா பித்தளை வளையத்தைத் தின்னுடும்" என்றார். அதில் சேர்க்கிற கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கியர்பாக்ஸுக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், டிஃபரென்ஷியலுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் பிடிக்கும். இந்த அளவு ஆயிலில் தப்பு செய்ய எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்.

இறக்கிய ஆயிலைத் தினசரித் தாளில் ஊற்றி வெயிலில் வைத்தார். பொன் மினுமினுப்பு கொஞ்சம் இருந்தது, அது சிங்க்ரோ வளையம் தேய்ந்த பித்தளை. காந்தத்தை ஓட்டினார். கருப்புப் பசைபோல ஒட்டியது, செதில் எதுவும் இல்லை. "செதில் வந்தா பல் உடையுதுன்னு அர்த்தம். இது வயசு" என்றார்.

நானே கேட்டேன், லே ஷாஃப்ட்டுக்குக் கியர்பாக்ஸை இறக்கிவிடலாமா என்று. ஹெரால்டில் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதில்லை. முன்சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்து, காருக்குள்ளிருந்து மேலே தூக்க வேண்டும். ஒரு நாளில் எடுத்துவிடலாம், கஷ்டம் இல்லை. ஆனால் மாட்டேன் என்றார். லே ஷாஃப்ட்டும் ஊசி பேரிங்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், திறந்தபின் பாகம் வரும்வரை வண்டி திறந்தே கிடக்கும், உள்ளூரில் ஏதாவது பொருத்திவிட்டால் இப்போது இருக்கிற நல்ல பல்லும் போகும். "வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுறீங்க. இந்த சத்தம் உங்க கூடவே வரும். ஆயிலை மட்டும் பாத்துக்குங்க. சத்தம் என்னைக்காவது வேற மாதிரி ஆச்சுன்னா, அன்னைக்கு ஓட்டாதீங்க, எனக்குச் சொல்லுங்க." பாகத்தை இப்போதே வரவழைத்து வீட்டில் வைத்திருக்கச் சொன்னார். டிரையம்ப் வண்டிகளுக்கு அங்கே இன்னும் பாகம் செய்து விற்கிறார்கள், கேட்டு எழுதியிருக்கிறேன்.

டிஃபரென்ஷியலிலும் 60-க்கு மேல் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு முனகல் உண்டு, விட்டால் நிற்கும். உள்ளே இருக்கிற ஜோடிப் பற்சக்கரங்களான கிரௌன் பினியன் ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்த சத்தம். அதையும் தொடவில்லை. பழகியதைப் பிரித்து மறுபடி சேர்த்தால் முனகல் அலறலாக மாறும் என்பது அவர் கட்சி.

கேட்காமலே ஒன்று கண்டுபிடித்தார். முன்சக்கரத்தின் கீழே ட்ரனியன் என்று ஒன்று இருக்கிறது, சக்கரம் திரும்பும் திருகு மூட்டு. அதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில் போட வேண்டும். என் வண்டியில் கிரீஸ் அடைத்திருந்தது. அது உலர்ந்து உள்ளே துருப்பிடித்தால் ஒரு நாள் மூட்டு முறிந்து முன்சக்கரம் படுத்துவிடும். டிரையம்ப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றது எதையும் நினைவில் வைக்க வேண்டாம், இதை மட்டும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

செலவு: குறை கண்டுபிடிக்க 1,000 ரூபாய், அங்கேயே வேலை செய்தால் அது கூலியில் கழிந்துவிடும். ஜாயின்ட் கிராஸ் 1,850, ரப்பர் புஷ் 1,400, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் கிட் 450, ஆயில் 900. கூலி 5,500. மொத்தம் 10,100. கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பதினோரு நாளில் ஏழு நாள் கிராஸுக்காகக் காத்திருந்தது. புதுப்பேட்டையில் முதலில் வந்த கிராஸ் கால் மில்லிமீட்டர் தடித்திருந்தது, தட்டி ஏற்றிவிடலாம் என்று உதவியாளர் பையன் சொன்னான், பாய் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தாமதத்தை மன்னிக்கிறேன். ஆனால் அதைப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மூன்று முறை ஆட்டோ பிடித்து அலைந்திருக்க மாட்டேன்.

கடைசியில் வரும் என்று சொன்ன குறை இதுதான். வண்டி வந்து மூன்றாவது வாரம் ரிவர்ஸ் மறுபடி கர்ர் என்றது. ஸ்லேவ் சிலிண்டரின் உள்சுவரில் துருப்புள்ளி விழுந்திருந்தது, புது ரப்பரை அது அறுத்துவிட்டது. ரப்பர் மாற்றும்போதே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்ற எல்லாவற்றையும் அத்தனை பொறுமையாகப் பார்த்தவர் இதில் அவசரப்பட்டுவிட்டார். சொன்னேன். மறுக்கவில்லை, சாக்கும் சொல்லவில்லை. லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் போட்டு வாங்கினார், லேத்துக்கு ஆன 1,200 மட்டும் வாங்கிக்கொண்டு கூலி வேண்டாம் என்றார். அது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

யார் போகலாம்? அம்பாசிடர், பியட், ஹெரால்டு, பழைய ஜீப் வைத்திருந்து, வண்டி என்ன செய்கிறது என்று உட்கார்ந்து சொல்லப் பொறுமை இருப்பவர்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற வண்டிகளை அவர் தொடுவதில்லை. அடுத்த வாரம் கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டும் என்பவர்கள் போகாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் மூடியிருக்கும். ஜிபே உண்டு. போவதற்கு முன்பு ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதுங்கள்: எந்தக் கியர், எந்த வேகம், மிதிக்கும்போதா விடும்போதா. என் நோட்டை அவர் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, பையன் படித்துக்கொண்டிருக்கிறான், முடித்ததும் தருகிறேன் என்றார்.